ஐ.சி.யு.வில் ஏன் குப்புறக் கிடத்துகிறார்கள்?

கொழும்பில் ஏதோ ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு நாள் உள்ளேயிருந்து செய்தி வரும்: நோயாளியைக் குப்புறப் போட்டிருக்கிறோம். பெரும்பாலும் அது சிங்களத்தில், "முனின் அத்தட்ட" என்று வரும். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வந்து நிற்கும் மகனுக்குச் சொல் விளங்கினாலும் காரியம் விளங்காது. அவர் வீட்டுக்குப் போன் எடுத்து "அம்மாவைக் குப்புறப் போட்டிருக்கினமாம்" என்று சொன்னதும் அங்கே அழுகை தொடங்கிவிடும். மூச்சுக்குத் திணறுகிற ஒருவரை நெஞ்சு அமுங்கக் கவிழ்த்துப் போட்டால், இருக்கிற மூச்சும் நின்றுவிடாதா?

கேள்வி நியாயமானது. 2021 ஓகஸ்டில், கொவிட்டால் இலங்கையில் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் இறந்த அந்த நாட்களில், பல வீடுகளில் இது எழுந்தது. கொவிட் அடங்கிய பின்பும் கேள்வி போகவில்லை. நியூமோனியா, எலிக்காய்ச்சல், இரத்தத்தில் பரவிய கிருமி என்று நுரையீரல் படுத்துவிடுகிற நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வழக்கமாகக் கிடைக்கும் பதில், "குப்புறப் போட்டால் ஒட்சிசன் ஏறும்" என்பது. அது பிழையில்லை, ஆனால் பாதிப் பதில். மற்றப் பாதிதான் முக்கியம் என்பது என் கணிப்பு. அதற்குப் போகுமுன் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடிப் பாண் நசுங்குவது போல

நுரையீரலின் வேலை சிற்றறைகளில் நடக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு 30 கோடிக்கு மேல் சிற்றறைகள் உண்டு. எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீற்றர் வரும். ஒவ்வொன்றின் சுவரும் மிக மெல்லியது. சுவருக்கு ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் இரத்தம். ஒட்சிசன் இரத்தத்துக்குள் போகும், காபனீரொட்சைட்டு வெளியே வரும்.

கடுமையான தொற்றோ வேறு பெரிய தாக்கமோ வந்தால், அழற்சியில் அந்தச் சுவர் கசியத் தொடங்குகிறது. புரதம் கலந்த நீர் சிற்றறைக்குள் இறங்குகிறது. சிற்றறைகள் ஒட்டிப் போகாமல் காக்கும் வழுவழுப்பான பூச்சும் கெட்டுப்போகிறது. இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் தேங்குவது வேறு நோய். அதையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. 1967இல் அமெரிக்க வைத்தியர்கள் சிலர் 12 நோயாளிகளை 'த லான்செற்' இதழில் விவரித்து இதைத் தனி நோய்நிலையாக அடையாளம் காட்டினார்கள். இதன் பெயர் ஏ.ஆர்.டி.எஸ். 'கடும் சுவாச இடர் நிலை' என்று தமிழில் சொல்லலாம். ஆனால் வாட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, இந்த நான்கு எழுத்துகளைத்தான் சொல்வார்கள்.

நீர் ஊறிய நுரையீரல் பாரமாகிவிடும். வழமையான எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகலாம். பேக்கரியிலிருந்து சூடாக வந்த பாணை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். மேல் பாண் உப்பியபடி இருக்கும், அடிப் பாண் நசுங்கிப் போகும். மல்லாக்கக் கிடக்கும் நோயாளிக்கு நடப்பதும் இதுதான். முன்பக்கத்துச் சிற்றறைகள் திறந்திருக்க, முதுகுப் பக்கத்தவை தங்களுக்கு மேலுள்ள பாரத்தில் அமுங்கி மூடிக்கொள்கின்றன.

இது கண்ணுக்குத் தெரிந்தது 1980களில்தான். சாதாரண எக்ஸ்ரேயில் இவர்களின் நுரையீரல் முழுக்க ஒரே வெள்ளையாகத் தெரியும். எல்லா இடமும் ஒரேயளவு கெட்டுவிட்டது என்றுதான் அதுவரை எண்ணினார்கள். இத்தாலியில் லூச்சானோ கத்தினோனியும் அவரோடு வேலை செய்தவர்களும் சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது, முன்பக்கம் ஓரளவு நன்றாகவும் முதுகுப்பக்கம் அடைபட்டும் இருந்தது. வேலை செய்கிற பகுதி ஒரு சிறு பிள்ளையின் நுரையீரல் அளவுக்குத்தான் இருந்தது. 'குழந்தை நுரையீரல்' என்ற பெயர் அப்படி வந்தது. நுரையீரல் முழுவதும் விறைத்துப் போகவில்லை, சிறுத்துப் போயிருக்கிறது. வைத்தியத்தின் போக்கையே மாற்றிய கண்டுபிடிப்பு இது.

150 என்ற எண்

ஐ.சி.யு. வைத்தியர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு எண் உண்டு. நாடியிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஒட்சிசனின் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பார்கள். நோயாளி உள்ளிழுக்கும் காற்றில் ஒட்சிசன் எத்தனை பங்கு என்பதால் அதை வகுப்பார்கள். கிடைப்பதுதான் அந்த விகிதம்.

நல்ல சுகத்தோடு இருப்பவர் சாதாரணக் காற்றைத்தான் சுவாசிக்கிறார், அதில் ஒட்சிசன் 21 வீதம். இரத்தத்தில் அழுத்தம் 95 என்றால், 95ஐ 0.21ஆல் வகுக்கச் சுமார் 450 வரும். இன்னொருவருக்குச் சுவாசக் கருவி 60 வீத ஒட்சிசன் கொடுக்கிறது, ஆனாலும் இரத்தத்தில் 75தான் இருக்கிறது. 75ஐ 0.6ஆல் வகுத்தால் 125. விரலில் மாட்டும் கருவி இருவருக்கும் தொண்ணூறுக்கு மேல் காட்டக்கூடும். இருவருடைய நுரையீரல் நிலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

2012இல் வந்த பெர்லின் வரையறை இந்த எண்ணை வைத்து நோயைப் பிரிக்கிறது. 200க்கு மேல் 300 வரை இலேசானது, 100க்கு மேல் 200 வரை நடுத்தரம், 100 அல்லது அதற்குக் கீழ் கடுமையானது. குப்புறக் கிடத்துவதற்கான கோடு நடுத்தரத்தின் நடுவே ஓடுகிறது: 150க்குக் கீழ், அதுவும் 60 வீதம் அல்லது அதற்கு மேல் ஒட்சிசன் கொடுத்தும் ஏறாமல் நின்றால்.

கருவியே காயப்படுத்தும்

இங்கேதான் விசயம் சிக்கலாகிறது. வென்டிலேற்றர் என்ற செயற்கைச் சுவாசக் கருவி காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்தக் காற்று வழி கிடைத்த இடத்துக்குத்தான் போகும். முதுகுப்பக்கம் மூடியிருப்பதால் முழுக் காற்றும் முன்பக்கத்துச் சிறு பகுதிக்குள் போய் அதை அளவுக்கு மீறி உப்ப வைக்கிறது. எல்லையில் இருக்கும் சிற்றறைகள் ஒவ்வொரு மூச்சிலும் திறந்து மூடித் திறந்து மூடிக் கிழிகின்றன. இதனால் புதிய அழற்சி உண்டாகிறது. அது இரத்தத்தில் கலந்து சிறுநீரகம், ஈரல் என்று மற்ற உறுப்புகளையும் பிடிக்கிறது. ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளில் பலர் ஒட்சிசன் போதாமல் மட்டும் இறப்பதில்லை, உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுவதால் இறக்கிறார்கள்.

இதற்கு முதல் பதில் 2000ஆம் ஆண்டில் வந்தது. அமெரிக்காவில் 861 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் காற்று, மற்றவர்களுக்கு 6 மில்லிலீற்றர். குறைந்த காற்றுப் பெற்றவர்களில் 31 வீதமானோர் இறந்தார்கள், கூடுதலாகப் பெற்றவர்களில் ஏறத்தாழ 40 வீதம். இந்தக் கிலோ தராசில் நிறுத்த எடையல்ல, உயரத்திலிருந்து கணக்கிடுவது. 160 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு அது 52 கிலோவுக்குச் சற்று மேல், அப்படியென்றால் மூச்சுக்குச் சுமார் 315 மில்லிலீற்றர். அவர் 80 கிலோ இருந்தாலும் கணக்கு மாறாது. உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் சில நாட்களில் 6 மில்லிலீற்றர் பெற்றவர்களின் ஒட்சிசன் எண்கள் மற்றவர்களைவிட மோசமாக இருந்தன. ஆனாலும் அவர்கள்தான் கூடுதலாகப் பிழைத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கவிழ்த்தால் என்ன மாறுகிறது

1. நுரையீரலின் பெரும் பகுதி முதுகுப்பக்கத்தில் இருக்கிறது. மல்லாக்கக் கிடந்தால் இந்தப் பெரும் பகுதி அடியில் மாட்டிக்கொள்கிறது. கவிழ்த்ததும் அது மேலே வந்து திறக்கிறது. முன்பக்கம் அடியில் போகிறது, ஆனால் அது சிறியது. இழப்பது கொஞ்சம், கிடைப்பது அதிகம்.

2. மல்லாக்கக் கிடப்பவரின் இதயம் இடப்பக்க நுரையீரலின் கீழ்ப்பகுதிமேல் பாரமாகக் கிடக்கும். குப்புறக் கிடந்தால் அது நெஞ்செலும்பில் தங்கிக்கொள்கிறது. வயிற்றுக்குள் இருப்பவை உதரவிதானத்தின் பின்பகுதியை மேலே தள்ளுவதும் குறைகிறது.

3. நெஞ்சின் முன்சுவர் இலகுவாக அசையும், முதுகுச் சுவர் முள்ளந்தண்டோடு இறுகியிருக்கும். குப்புறக் கிடக்கையில் முன்சுவர் மெத்தையில் அழுந்தி அதன் அசைவு குறைகிறது. அதனால் காற்று முன்பக்கம் மட்டும் ஓடிப் போகாமல் சமமாகப் பரவுகிறது. "நெஞ்சு அமுங்காதா" என்ற பயத்துக்கு விடை இது: கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், அமுங்குவதும் பிரயோசனம்தான்.

4. இரத்தம் முதுகுப்பக்கம் போவதுதான் வழக்கம். கவிழ்த்த பிறகும் பெரும்பாலும் அங்கேதான் போகிறது, புவியீர்ப்பு அதை முழுதாக முன்பக்கம் இழுத்துவிடுவதில்லை. முன்னர் இரத்தம் போன இடத்தில் காற்றில்லை. இப்போது அதே இடத்துக்குக் காற்று வந்துவிட்டது. ஒட்சிசன் எண் ஏறுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

5. சளி வடிய வழி கிடைக்கும். நுரையீரலுக்கு இரத்தம் தள்ளும் வலது இதயத்தின் சுமையும் பலருக்குக் குறைகிறது.

நாலுகால் பிராணிகள் எல்லாம் நாள் முழுக்க இந்த நிலையில்தான் மூச்சு விடுகின்றன. நோயாளியை மல்லாக்கப் போடுவது நுரையீரலின் வசதிக்காக வந்த பழக்கமல்ல. முகம் தெரியும், குழாய்கள் கைக்கு எட்டும், எக்ஸ்ரே எடுக்கலாம் என்று பார்ப்பவர்களின் வசதிக்காக வந்தது.

(ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டுக் கைக்குழந்தையைக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள். நலமான குழந்தையை வீட்டில் மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும். திடீர் மரண ஆபத்து அதில்தான் குறைவு.)

நாற்பது வருடச் சந்தேகம்

கவிழ்த்தால் பயன் கிடைக்கலாம் என்ற யோசனை 1974இலேயே எழுதப்பட்டது. 1976இல் ஐந்து நோயாளிகளுக்கு ஒட்சிசன் ஏறியதாக ஒரு சிறு அறிக்கை வந்தது. அப்புறம் நீண்ட இழுபறி. 2001இல் இத்தாலியில் 304 பேர், நாளுக்குச் சராசரி 7 மணித்தியாலம்: ஒட்சிசன் ஏறியது, இறப்பு குறையவில்லை. 2004இல் பிரான்சில் 791 பேர், நாளுக்குச் சுமார் 8 மணித்தியாலம்: அங்கேயும் அதே கதை. "எண்ணை அழகாக்குகிறது, ஆளைக் காப்பாற்றவில்லை" என்று பலர் இதைக் கைகழுவினார்கள்.

பிழை முறையில் இல்லை, அளவில் இருந்தது. மருந்தைக் குறைவாகக் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்னதைப் போல. அதோடு, அவ்வளவு கடுமையில்லாத நோயாளிகளும் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

2013இல் குளோட் கெரான் என்ற பிரெஞ்சு வைத்தியர் தலைமையில் 'புரொசேவா' ஆய்வு வெளிவந்தது. பிரான்சில் 26, ஸ்பெயினில் 1 என 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 466 நோயாளிகள். விகிதம் 150க்குக் கீழ் இருந்தவர்களை மட்டும், அதுவும் வென்டிலேற்றரில் போட்ட முதல் ஒன்றரை நாளுக்குள் எடுத்தார்கள். கவிழ்த்தால் ஒரே மூச்சில் 16 மணித்தியாலமாவது வைத்திருந்தார்கள். 28 நாட்களில், மல்லாக்க வைத்திருந்த 229 பேரில் 75 பேர் இறந்தார்கள், குப்புறக் கிடந்த 237 பேரில் 38 பேர். வீதத்தில் சொன்னால் 32.8க்கு எதிராக 16.0. ஆறு பேரைக் கவிழ்த்தால் அதனால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார் என்ற கணக்கு. தீவிர சிகிச்சையில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டும் ஆய்வு அரிது. கோடிக்கணக்கில் விலை போகும் கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது.

எண் ஏறாவிட்டால்?

சரி, கவிழ்த்தும் ஒட்சிசன் எண் அசையவில்லை என்றால் முயற்சி வீண்தானே? வாசலில் நிற்பவர்கள் மட்டுமல்ல, வாட்டில் வேலை செய்கிறவர்களும் இப்படி நினைப்பது உண்டு.

2014இல் புரொசேவா தரவுகளையே மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். கவிழ்த்ததும் ஒட்சிசன் நன்றாக ஏறியவர்களா பிழைத்தார்கள்? அப்படித் தெரியவில்லை. எண் ஏறியதற்கும் ஆள் பிழைத்ததற்கும் தொடர்பு கிடைக்கவில்லை. ஏறாதவர்களும் பயன் பெற்றிருந்தார்கள்.

2000ஆம் ஆண்டின் ஆய்வில் கண்ட அதே பாடம். அங்கே எண் மோசமாயிருந்தும் பிழைத்தார்கள், இங்கே எண் ஏறாமலும் பிழைத்தார்கள். அப்படியென்றால் காப்பாற்றுவது வேறொன்று. காற்று சமமாகப் பரவும்போது எந்த ஒரு பகுதியும் அளவுக்கு மீறி உப்புவதில்லை, கிழிவதில்லை. குப்புறக் கிடத்துவது ஒட்சிசன் கூட்டும் உபாயம் என்பதைவிட, நுரையீரல் தானாக ஆறும்வரை கருவியின் அடியிலிருந்து அதைக் காக்கும் கவசம் என்பதே பொருத்தம். அதனால்தான் எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாகச் செய்து பார்க்கும் காரியமாக இதை எண்ணுவது பிழை. கிழிந்த பிறகு கவசம் எதற்கு?

வீட்டார் இந்தச் செய்தியைக் கேட்டதும் "கடைசிக் கட்டம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோய் கடுமையானது என்பது உண்மை. ஆனால் செய்தியின் பொருள் 'கைவிட்டுவிட்டோம்' அல்ல. மற்ற எதையும்விடச் சிரமமான ஒரு வேலையை அவருக்காகத் தொடங்கியிருக்கிறோம் என்பதே அதன் பொருள்.

ஐந்து பேர், ஒரு விரிப்பு

அந்தச் சிரமத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கவிழ்ப்பதற்குப் பொத்தான் கிடையாது. கைகள்தான்.

ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் நோயாளி. பெரும்பாலும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் ஏறியிருக்கும். குழாய் வழி உணவை நிறுத்தி வயிற்றில் இருப்பதை உறிஞ்சி எடுப்பார்கள். கண்ணுக்குக் களிம்பு இட்டு மூடி ஒட்டுவார்கள், ஏனெனில் திறந்த கண் விரிப்பில் உரசினால் புண்ணாகிவிடும். வாயிலிருக்கும் சுவாசக் குழாய் பல்வரிசையில் எந்த அளவில் நிற்கிறது என்று குறிப்பார்கள். 22 என்று இருந்தால், திரும்பிய பிறகும் 22தான் இருக்க வேண்டும். ஒட்சிசனை 100 வீதமாக்குவார்கள். நெஞ்சில் ஒட்டிய ஈ.சி.ஜி. வயர்களைக் கழற்றுவார்கள்.

நெஞ்சின் மேலும் இடுப்பின் மேலும் தலையணை வைத்து, அதன்மேல் இன்னொரு படுக்கை விரிப்பை மூடுவார்கள். கீழ் விரிப்பு, மேல் விரிப்பு இரண்டின் ஓரத்தையும் சேர்த்து, பற்றிஸ் ஓரம் மடிக்கிற மாதிரி இறுக்கிச் சுருட்டுவார்கள். நோயாளி நடுவில் பொட்டலம் போல இருப்பார். தலைமாட்டில் ஒருவர், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். தலைமாட்டில் நிற்பவர் குழாயைப் பிடித்த கையை எடுக்கவே மாட்டார், எண்ணிக்கை சொல்பவரும் அவரே. முதலில் கட்டிலின் ஓரத்துக்கு இழுப்பு, அடுத்து ஒருக்களிப்பு, அங்கே ஒரு நிதானம், எல்லா வயரும் குழாயும் சரியா என்று ஒரு பார்வை, பிறகு கவிழ்ப்பு. கனமான ஆளென்றால் ஐந்து பேர் போதாது.

கவிழ்த்தவுடன் வேலை முடிவதில்லை, தொடங்குகிறது. வயிறு அழுந்தாமல் இருக்கிறதா, குழாய் மடிந்துவிட்டதா, இரு பக்கமும் காற்றுப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஈ.சி.ஜி. வயர்கள் முதுகில் ஏறும். ஒரு கை நீந்துகிறவரைப் போலத் தலைக்கு மேல், மற்றது உடம்போடு, முகம் ஒரு பக்கம் திரும்பியபடி. சுமார் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தலையையும் கைகளையும் மாற்றி வைக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும். 16 மணித்தியாலம் கழித்து இதே வேலை தலைகீழாக.

கவிழ்ப்பதற்கு எந்திரச் செலவு இல்லை என்று மேலே எழுதினேன். இலவசம் என்று எழுதவில்லை. இதற்கான விலை ஆளும் நேரமும் பயிற்சியும். இரவு இரண்டு மணிக்கு ஒரு பிரிவில் எத்தனை தாதியர் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கைத் தீர்மானிக்கிறது. புரொசேவா வெளிவந்து மூன்று வருடம் கழித்து, 50 நாடுகளின் நிலவரத்தைச் சொன்ன ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளில் கவிழ்க்கப்பட்டவர்கள் 16 வீதம் மட்டுமே. பணக்கார நாடுகளும் அதில் அடக்கம். கொவிட் வந்த பிறகுதான் உலகம் முழுதும் இது அன்றாட வேலையானது. சில நாடுகளில் கவிழ்ப்பதற்கென்றே தனிக் குழுக்கள் வைத்தார்கள். வென்டிலேற்றர் வாங்கிக் கொடுத்த படம் பத்திரிகையில் வரும். தாதியர் வெற்றிடம் நிரப்பிய படம் வருவதில்லை.

யாருக்குக் கூடாது, என்ன கெடும்

முள்ளந்தண்டு உடைந்து உறுதியற்று இருப்பவரைக் கவிழ்க்க முடியாது. மூளைக்குள் அழுத்தம் ஏறியவர்கள், அண்மையில் நெஞ்செலும்பைத் திறந்து சத்திர சிகிச்சை செய்தவர்கள், வயிறு திறந்த நிலையில் இருப்பவர்கள், முகஎலும்பு முறிந்தவர்கள், வாயால் பெருமளவு இரத்தம் வருபவர்கள், மருந்து கொடுத்தும் இரத்த அழுத்தம் நிற்காதவர்கள் ஆகியோர் விசயத்தில் மிக யோசித்தே முடிவெடுப்பார்கள். எலிக்காய்ச்சல் நுரையீரலுக்குள் இரத்தம் கசிய வைக்கும் நோய் என்பதால் அங்கே இந்த யோசனை கூடுதலாகத் தேவைப்படும். கர்ப்பம் முழுத் தடையல்ல, வயிற்றுக்கு இடம் விட்டுத் தலையணை அடுக்கிச் செய்கிறார்கள். உடல் பருமனும் தடையல்ல.

பக்கவிளைவுகளில் அடிக்கடி வருவது அழுத்தப் புண். கன்னம், தாடை, நெற்றி, நெஞ்சு, முழங்கால் ஆகிய இடங்களில் தோல் நசுங்கிப் புண்ணாகும். தோள்பட்டை வழியாகக் கைக்கு ஓடும் நரம்புகள் இழுபட்டால் கை பலம் குறையலாம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது திருப்பும்போது சுவாசக் குழாய் கழன்றுபோவது. பழகிய குழுக்களில் இது அபூர்வம். புரொசேவாவில் இதயம் நின்றுபோன சம்பவங்கள் குப்புறக் கிடந்தவர்களைவிட மல்லாக்கக் கிடந்தவர்களிடமே கூடுதலாக இருந்தன.

வீட்டாரைத் திடுக்கிட வைப்பது முகம். மல்லாக்கத் திருப்பிய பிறகு பார்க்க விட்டால், இமை வீங்கி, உதடு தடித்து, அடையாளம் தெரியாத மாதிரி இருக்கும். அது அடிபட்ட வீக்கமல்ல, பல மணித்தியாலம் கீழ்நோக்கி இருந்ததால் இறங்கிய நீர். பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வற்றிவிடும். இதை முன்கூட்டியே இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டால் எத்தனையோ சந்தேகமும் சண்டையும் மிச்சமாகும்.

குழாய் போடாதவர் தானாகக் குப்புறப் படுத்தால்

கொவிட் காலத்தில் இன்னொரு வகை பரவியது. நினைவோடு, மூக்கு வழியாக ஒட்சிசன் எடுத்துக்கொண்டிருப்பவரே குப்புறப் படுப்பது. 2021இல் ஆறு நாடுகளில் 1,100க்கு மேற்பட்ட கொவிட் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், குப்புறப் படுத்தவர்களில் 40 வீதமானோருக்கும் மற்றவர்களில் 46 வீதமானோருக்கும், 28 நாட்களுக்குள் குழாய் போட வேண்டி வந்தது அல்லது இறப்பு நேர்ந்தது. பயன் முக்கியமாகக் குழாயைத் தவிர்த்ததில்தான் இருந்தது, இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. புரொசேவா எண்களை இதற்குப் பொருத்திப் பேசக் கூடாது.

வீட்டில் செய்யலாமா? 2021 ஏப்ரலில் இந்திய சுகாதார அமைச்சு, தலையணை எங்கே வைப்பது என்று படம் போட்டே ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. கட்டில் கிடைக்காத நெருக்கடியில் அது அர்த்தமுள்ளது. ஆனால் ஒட்சிசன் குறைகிறவர் வீட்டில் குப்புறப் படுத்து, எண் இரண்டு மூன்று ஏறியதைக் கண்டு, 1990 என்ற அம்பியுலன்ஸ் எண்ணுக்கு அழைப்பதைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து. அம்பியுலன்ஸ் வரும்வரை அப்படிப் படுக்கலாம், அம்பியுலன்ஸுக்குப் பதிலாக அல்ல.

கவிழ்ப்பது மட்டும் அல்ல

படுக்கும் நிலை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு மாதிரி. வென்டிலேற்றரில் இருப்பவரின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பது, வயிற்றிலுள்ளது மேலே வந்து நுரையீரலில் இறங்கி நியூமோனியா ஆவதைத் தடுக்கத்தான். 1999இல் பார்சிலோனாவில் 86 பேரை வைத்து நடந்த ஆய்வு இதற்கு அடிப்படை. ஒரு பக்க நுரையீரல் மட்டும் கெட்ட பெரியவரை, நல்ல பக்கம் கீழே இருக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் ஒட்சிசன் ஏறும். ஆனால் கெட்ட பக்கத்திலிருந்து இரத்தம் கொட்டினால் எதிர்மாறு, நல்ல பக்கத்துக்குள் இரத்தம் வடியாதிருக்கக் கெட்ட பக்கம் கீழே இருக்க வேண்டும்.

டெங்கு பற்றியும் கேட்பார்கள். டெங்கில் வழக்கமாக நீர் தேங்குவது நுரையீரலுக்குள் அல்ல, நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள். வெளியே நிற்கும் நீர் உள்ளே இருக்கும் சிற்றறைக் கசிவு அல்ல, எனவே கவிழ்ப்பது அதற்குரிய வைத்தியமும் அல்ல. அங்கே சேலைன் அளவுதான் உயிர்நாடி.

வாசலில் நிற்பவர் கேட்கக்கூடியவை

உள்ளே வேலையாக இருக்கும் வைத்தியரிடம் பத்து நிமிடம் கிடைப்பது கடினம், இரண்டு நிமிடம் கிடைக்கும். "இப்ப எப்படி இருக்கிறா?" என்று கேட்டால் "அப்படியேதான்" என்ற பதிலோடு அந்த இரண்டு நிமிடம் போய்விடும். சிங்களம் வராதென்றால் தமிழ் பேசக்கூடிய ஒருவரைக் கேட்பதில் தவறில்லை, தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான்.

1. விகிதம் இன்று எத்தனை, நேற்று எத்தனை?
2. கருவி எத்தனை வீதம் ஒட்சிசன் கொடுக்கிறது? 80இலிருந்து 50க்கு இறங்கியிருந்தால் அது நல்ல செய்தி.
3. சிறுநீரகம், இரத்த அழுத்தம் எப்படி? நுரையீரலை மட்டும் கேட்டுவிட்டு வருவது பாதிக் கதை.
4. எத்தனையாவது முறை கவிழ்க்கிறீர்கள்? புரொசேவாவில் ஒருவருக்குச் சராசரி நான்கு முறை. ஒரு முறையோடு முடியாததால் பயப்படத் தேவையில்லை.

கவிழ்ப்பதை எப்போது நிறுத்துவார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. மல்லாக்கத் திருப்பிக் குறைந்தது நான்கு மணித்தியாலம் கழிந்த பின்பும், 60 வீதம் அல்லது அதற்குக் குறைந்த ஒட்சிசனில், கருவியின் அழுத்தமும் தணிந்த நிலையில், விகிதம் 150இல் அல்லது அதற்கு மேல் நின்றால் மறுபடி கவிழ்க்க வேண்டியதில்லை. ஆகவே, "இண்டைக்கு மல்லாக்கப் போட்டிட்டினம்" என்று மகன் வீட்டுக்குப் போன் எடுத்தால், நான்கு மணித்தியாலம் கழித்து என்ன எண் வந்தது என்றும் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.